வாவியின் இரு கரைகளும் வணிகத்தின் வழிகளும்

ஈழநாட்டின் கீழ்த்திசையிலே மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம் ஒன்று உண்டு. அதனை எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிந்து கிடக்கும் பெருநிலத்தைப் படுவான்கரை என்பர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்று இரண்டே சொற்களால் ஒரு நாட்டின் அமைப்பையே காட்டிவிட்டனர் நம் முன்னோர்.

எழுவான்கரையில் மக்கள் நெருக்கமும் சந்தையும் கடைத்தெருவும் உள. படுவான்கரையில் நெல்லும் பாலும் தயிரும் தேனும் உள. நடுவேயுள்ள நீரில் இறாலும் நண்டும் கொடுவாவும் மணலையும் உள. ஆகவே இப்பகுதி வணிகத்தின் தலையாய வினா எக்காலத்தும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றது. அக்கரையில் விளையும் பொருளுக்கு இக்கரையில் என்ன விலை? அவ்விலையை முதலில் அறிபவர் யார்? அறிந்ததைக் கொண்டு பயனடைய வல்லவர் யார்?

இன்று வாவியில் வலை வீசுபவரின் மடியிலும் கைத்தொலைபேசி இருக்கின்றது. தயிர்ச் சட்டி விற்பவரும் அதனாலே கணக்குத் தீர்க்கின்றார். இது முன்னொருபோதும் நிகழாத புதுமை என்று எண்ணுவோர் பலர். புதுமைதான், ஐயமில்லை. ஆயினும் வாவியோரத்து வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின், கருவி மாறுவதும், அதற்கேற்ப வணிகம் மாறுவதும் இங்கே பலமுறை நிகழ்ந்தவை என்பது புலனாகும். ஒவ்வொரு முறையும் சிலர் உயர்ந்தனர்; சிலர் தொழிலை இழந்தனர். உயர்ந்தவர் எதனால் உயர்ந்தனர், இழந்தவர் எதனால் இழந்தனர் என்று ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே தோணியின் காலத்தைப் பார்ப்போம்.

1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கி, கண்டி மன்னனைக் காண உள்நாடு சென்றார். பின்னர் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனின் துணையோடு அக்கோட்டையைக் கைப்பற்றினர். அந்நியர் வந்து மோதியதற்குக் காரணங்களுள் ஒன்று வணிகம் என்பது வெளிப்படை. கடல்வழியே வந்த தோணிகள் முகத்துவாரத்தினூடாக வாவிக்குள் நுழையும். மணல் மூடிய காலத்தில் அவ்வழியும் அடைபட்டுப் போகும். வாவிக்குள்ளோ வள்ளங்களே வண்டிகள். துறைகளே சந்தி. ஒரு துறையிலிருந்து மறு துறைக்குப் பொருள் செல்லும் வேகம் எதுவோ, அதுவே விலைச் செய்தி செல்லும் வேகமும் ஆகும்.

இந்நிலையில் விலையை அறிந்தவர் யார்? துறையிலே நின்றவர் அறிந்தார். தோணி உடையவர் அறிந்தார். காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களின் முஸ்லிம் வணிகர் ஊர்தோறும் சென்று பண்டம் கொடுத்து நெல் வாங்கினர், அவரும் அறிந்தார். படுவான்கரையில் வயலை உழுதவர் அறிந்தாரில்லை. வயல் போடியாருடையது. அவ்வயலைப் பொறுப்பேற்று நின்று செய்தவர் முல்லைக்காரர். விதைநெல்லும் செலவுக்காசும் முன்கூட்டிப் பெற்று, அறுவடையிற் கழித்துக் கொடுப்பது வழக்கம். ஆகவே நெல் களத்துக்கு வருமுன்னரே அதன் பெரும்பகுதிக்கு உடையவர் இருந்தார். இதனை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் கைத்தொலைபேசியைப் பற்றிப் பேசும்போது இதே செய்தி வேறு வடிவிலே திரும்ப வரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 1913இல் பாலமீன்மடுவில் வெளிச்சவீடு எழுந்தது. 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. அக்காலத் தேசாதிபதி மனிங் துரையின் மனைவியார் பெயரால் லேடி மனிங் பாலம் என அது வழங்கப்பட்டது. பட்டினத்தையும் கல்லடி, காத்தான்குடி முதலிய தென்புறத்து ஊர்களையும் அப்பாலம் இணைத்தது. 1928இல் மாஹோவிலிருந்து கிழக்கு நோக்கி வந்த புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியது.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஒரு வேடிக்கை புலப்படும். கப்பலுக்கு வழிகாட்ட விளக்கேற்றிய பதினைந்து ஆண்டுக்குள், சரக்கு தரைவழியே போகத் தொடங்கிவிட்டது! துறையை நம்பியிருந்த வணிகம் புகையிரத நிலையத்தை நோக்கித் திரும்பிற்று. கடல்வழித் தோணி வணிகம் தளர்ந்தது. கல்லடித் துறையிலே ஓடம் வலித்தவர் வேறு பிழைப்புத் தேடினர். மாறாக, தோணிக்காரரிடம் சரக்கு ஒப்படைத்துப் பழகிய வணிகர், அதே சரக்கைப் புகையிரதப் பெட்டியிலும் பின்னர் லொறியிலும் ஏற்றக் கற்றுக்கொண்டபோது அவர்தம் வணிகம் முன்னிலும் பெருகியது. ஐஸ் இட்ட பெட்டியில் மீன் கொழும்புக்குப் போயிற்று. வாவியின் இறாலுக்குத் தலைநகரிலே விலை உண்டு என்பதை வாவியோரம் அறிந்தது.

1960ஆம் ஆண்டில் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த தியடோர் லெவிட் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகள் நலிந்ததற்குக் காரணம் மக்கள் பயணத்தை விட்டுவிட்டமை அன்று. தம் தொழில் புகையிரதம் ஓட்டுவது என்று அக்கம்பனிகள் எண்ணினவேயன்றி, மக்களையும் பொருளையும் கொண்டு சேர்ப்பது என்று எண்ணவில்லை என்பது அவர் கருத்து. அமெரிக்காவைப் பற்றி அவர் கூறியதைக் கல்லடித் துறையிலும் காணலாம். தம் தொழில் ஓடம் வலிப்பது என்று கொண்டவருக்குப் பாலம் பகையாயிற்று. தம் தொழில் அக்கரைப் பொருளை இக்கரை சேர்ப்பது என்று கொண்டவருக்கோ பாலம் துணையாயிற்று. ஓடம் வலித்தவரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஓடமே முதலாக உடையவன் லொறி வாங்கப் பணத்துக்கு எங்கே போவான்? மாற்றத்தை உணரும் அறிவு வேறு. மாறுவதற்கு வேண்டிய முதல் வேறு.

இங்ஙனம் தரைவழி வணிகம் வேரூன்றிய பகுதியை இந்நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலே இடர்கள் சூழ்ந்தன என்று சொல்ல வருகையில், சென்ற நூற்றாண்டு என்று திருத்திச் சொல்வதே பொருத்தமாகும். நாம் இப்போது நிற்பது இருபத்தோராம் நூற்றாண்டிலன்றோ! 1977இல் பொருளாதாரக் கதவு திறக்கப்பட்டபோது, வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. வாவியின் தென்புறத்தே கல்முனையை அடுத்த மருதமுனையிலும் ஏனைய நெசவூர்களிலும் கைத்தறிகள் பல ஓய்ந்தன. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி தென்னந்தோட்டங்களைச் சாய்த்தது, கூரைகளைப் பறித்தது. அதன் காயம் ஆறுமுன்னரே உள்நாட்டுப் போர் மூண்டது.

போர்க்காலத்திலே வாவி மறுபடியும் எல்லையாயிற்று. பல ஆண்டுகளாகப் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், பட்டினமும் எழுவான்கரையும் அரச படைகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வலையிறவுப் பாலத்தைக் கடந்து போகும் ஒவ்வொரு மூடையும் சோதனைச் சாவடியிலே அவிழ்க்கப்பட்டது. பாலம் இருந்தும் பாதை இல்லாத காலம் அது. நெல் ஒரு கரையிலும் நெல்லுக்குக் காசு மறுகரையிலும் கிடந்தன. வாய்மொழிச் செய்தியே மீண்டும் விலைச் செய்தியாயிற்று.

அக்காலத்திலே கடைத்தெருவில் ஒரு புதுத் தொழில் தோன்றியது. மக்கள் அதனைக் கொமினிகேஷன் என்று அழைத்தனர். ஒரு சிறு கடை, அதனுள்ளே கண்ணாடிக் கூண்டு, கூண்டினுள்ளே தொலைபேசி, மேசையிலே நிமிடத்தையும் கட்டணத்தையும் காட்டும் ஒரு பெட்டி. வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்று விண்ணப்பித்தவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலத்தில், இக்கடைகளே ஊரின் காதும் வாயுமாயின. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வாவியோரத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் பலர். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஏதிலிகளாய்ப் போனோர் பலர். இன்ன நாள் இன்ன நேரம் மகன் அழைப்பான் என்று தாய்மார் அக்கடை வாயிலிற் காத்து நின்றனர். கடைக்காரர் ஆளனுப்பிச் சொல்லி அழைப்பிப்பார். கட்டணத்தைக் கடனாகக் கொப்பியில் எழுதிக்கொள்வார். உண்டியல் வழியாக வந்த காசு எந்தக் கடையில் ஒப்படைக்கப்படும் என்ற செய்தியும் அத்தொலைபேசி வழியே வரும். கருவி தொலைபேசிதான், ஆனால் அக்கடை விற்ற பண்டம் நம்பிக்கை.

இனிக் கைத்தொலைபேசியின் வருகையைக் காண்போம். இலங்கையில் முதற் கைத்தொலைபேசிச் சேவையை 1989இல் செல்டெல் நிறுவனம் தொடங்கிற்று. தென்னாசியாவிலும் அதுவே முதலாவது. 1995இல் டயலொக் நிறுவனம் ஜி.எஸ்.எம். என்னும் எண்முறைச் சேவையைக் கொண்டு வந்தது. ஆயினும் நெடுங்காலம் அது கொழும்புச் செல்வரின் கைப்பொருளாகவே இருந்தது. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரே வடக்கிலும் கிழக்கிலும் கோபுரங்கள் எழலாயின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் ஏனைய கடற்கரை ஊர்களையும் வாரிச் சென்றது. உற்றார் உயிரோடுள்ளாரா என்று அறியும் தவிப்பிலே தொலைபேசியின் அருமையை ஊர் முழுவதும் உணர்ந்தது. 2007இற் கிழக்கிலும் 2009இல் நாடெங்கும் போர் முடிந்தது. முற்பணம் செலுத்திப் பேசும் அட்டையும் விலை மலிந்த கருவியும் வந்தபோது, கைத்தொலைபேசி கடைக்காரர் கையிலிருந்து கூலியாள் கைக்கும் இறங்கியது.

பேசுவதற்குக் காசில்லாதவரும் அதனைப் பயன்படுத்த வழி கண்டனர். ஒருமுறை மணியடித்து நிறுத்தினால் ஒரு பொருள். இருமுறை அடித்தால் மற்றொரு பொருள். மிஸ்ட் கோல் என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட அந்த மணியோசையைக் கொண்டே, வள்ளம் கரைக்கு வருகிறது, பெட்டியோடு வா என்று மீன் வியாபாரிக்கு அறிவிக்கலாயிற்று. ஒரு சதமும் செலவில்லை. வறுமையும் ஓர் ஆசிரியன் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கொமினிகேஷன் கடைகள் என்னவாயின? ஒவ்வொரு மடியிலும் தொலைபேசி வந்தபின் கண்ணாடிக் கூண்டுக்கு வேலை இல்லை. கூண்டையே கட்டிக்கொண்டு இருந்த கடைகள் சில ஆண்டுக்குள் மூடப்பட்டன. வேறு சில கடைகள் கூண்டைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் நிழற்படப் பிரதி இயந்திரத்தை வைத்தன. ரீலோட் அட்டை விற்றன. உடைந்த தொலைபேசியைத் திருத்தின. அதன்பின் இணையவழியில் மின்கட்டணம் செலுத்திக் கொடுத்தன. பரீட்சை விண்ணப்பமும் கடவுச்சீட்டு விண்ணப்பமும் நிரப்பிக் கொடுத்தன. இன்று மட்டக்களப்பிலும் களுவாஞ்சிகுடியிலும் வாழைச்சேனையிலும் கொமினிகேஷன் என்ற பெயர்ப்பலகை தாங்கிய கடைகளிலே தொலைபேசி அழைப்பைத் தவிர ஏனைய யாவும் விற்கப்படுகின்றன. பெயர் பழையது, பண்டம் புதியது, வாடிக்கையாளர் அதே ஆட்கள். புதிய கருவியைக் கண்டு அஞ்சி நிற்பவருக்கு வழிகாட்டுதலே தம் தொழில் என்று அக்கடைக்காரர் உணர்ந்தனர். அதனாற் பிழைத்தனர்.

உலகின் பெருங்கம்பனிகள் சில இச்சிறு கடைகள் கற்ற பாடத்தைக் கற்கத் தவறின. 1975இல் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் முதல் எண்முறைக் கமராவைச் செய்து காட்டினார். அதே நிறுவனம் படச்சுருள் வணிகத்தை விட மனமின்றி நின்று, 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது. கைத்தொலைபேசி உலகின் மன்னனாய் இருந்த நொக்கியா, 2007இல் ஐபோன் வந்த பின்னர் சில ஆண்டுகளுக்குள் அரியணை இழந்தது. அறிவும் பொருளும் நிறைந்திருந்தும் அந்நிறுவனங்கள் இடறின. பழைய வருவாய் நன்றாக இருக்கும்போதே அதனை விட்டு நகர்தல் அத்துணை அரிது.

இனி, விலைச் செய்தி என்ற நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம். கைத்தொலைபேசி அதற்கு விடை தந்ததா?

இதனை நன்கு ஆராய்ந்த இடம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. கேரளத்தின் வடகடற்கரையிலே கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மாவட்டங்களுக்கு 1997 முதல் 2000 வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கைத்தொலைபேசிச் சேவை வந்தது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ரொபேட் ஜென்சன் அப்போது அங்குள்ள மத்திச் சந்தைகளின் விலைகளைத் திரட்டினார். 2007இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒரு காலைப்பொழுதை எடுத்துக் காட்டுகின்றது. 1997 ஜனவரி 14ஆம் நாள் வடகரை என்னும் ஊரில் 11 மீனவர், வாங்குவாரின்றித் தம் மீனைக் கொட்டிவிடும் நிலையில் நின்றனர். அதே நேரத்தில் 15 கிலோமீற்றர் தூரத்துள் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தனர்! தொலைபேசி வந்தபின் இந்நிலை மாறிற்று. கடலிலிருந்தே விலை கேட்டு, நல்ல விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினர். வீணாகும் மீன் இல்லாதொழிந்தது. மீனவரின் இலாபம் ஏறக்குறைய 8 வீதம் உயர்ந்தது; வாங்குவோர் கொடுத்த விலையோ 4 வீதம் குறைந்தது. விற்பவர், வாங்குபவர் ஆகிய இருசாராரும் நன்மை பெற்றனர்.

இதனைக் கேட்கும்போது, வாவியோரத்தும் இவ்வாறே நிகழ்ந்திருக்கும் என்று நேயர்கள் எண்ணலாம். ஒரு பகுதி உண்மைதான். மோட்டார் சைக்கிளின் பின்னே பெட்டி கட்டி ஊர்தோறும் மீன் விற்பவர், எந்தத் துறையில் இன்று இறால் பட்டது என்று கேட்டறிந்தே புறப்படுகின்றார். கொழும்புக்கு நண்டு அனுப்பும் வியாபாரி, அங்குள்ள விலையை அந்நேரமே அறிகின்றார். வயலோரத்து உழவரும் நெல்லின் விலையைப் பலரிடம் கேட்டறிய முடிகின்றது.

ஆனால் அறிந்த விலைக்கு விற்கும் உரிமை வேண்டுமன்றோ? வலை வாங்கவும் வள்ளம் திருத்தவும் வியாபாரியிடம் முற்பணம் பெற்ற மீனவர், பிடித்த மீனை அவரிடமே கொடுத்தல் வேண்டும். அவர் சொன்னதே விலை. பக்கத்துத் துறையிலே கிலோவுக்கு நூறு ரூபா கூடுதலாகக் கொடுக்கின்றார்கள் என்று கையிலுள்ள கருவி சொல்லும். அத்துறைக்கு வள்ளத்தைத் திருப்ப முடியாது என்று கடன் சொல்லும். முல்லைக்காரர் காலத்தில் விலை தெரியாமல் இழந்தனர். இக்காலத்தில் விலை தெரிந்தும் இழக்கின்றனர். எது கொடிது என்று நேயர்களே சிந்திப்பீராக. கேரளத்திலும், பின்னர் சென்று ஆராய்ந்தோர், கடன் கொடுத்த தரகரின் பிடி விலையைத் தீர்மானிப்பதிலே பங்கு கொள்வதைச் சுட்டிக் காட்டியுள்ளனர். போருக்குப் பின் நுண்கடன் என்ற பெயரிலே வந்த கடன்களும் வாவியோரத்துப் பெண்களை நெருக்கின. 2018இல் வரட்சியால் நலிந்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களுள் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. மட்டக்களப்பும் அம்மாவட்டங்களுள் ஒன்று.

ஆகவே, செய்தியைக் கொண்டு வரும் கருவியால் மட்டும் வணிகம் விடுதலை பெறாது. செய்திக்கேற்ப நடப்பதற்குரிய கைம்முதலும் வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கம், உழவர் சங்கம் முதலியவை வலுப்பெற்று, முற்பணத்தை நியாயமான வட்டிக்குத் தாமே கொடுக்குமாயின், அன்றே கைத்தொலைபேசி முழுப்பயன் தரும்.

அடுத்து, பணமே தொலைபேசிக்குள் புகுந்த கதையைப் பார்ப்போம். 2007இல் ஆபிரிக்காவின் கென்யா நாட்டிலே எம்பெசா என்னும் சேவை தொடங்கிற்று. வங்கிக் கணக்கில்லாத ஏழை மக்கள் குறுஞ்செய்தி வழியே காசு அனுப்பினர். இலங்கையில் 2012இல் டயலொக் நிறுவனம் ஈசி கேஷ் என்னும் அத்தகைய சேவையைத் தொடங்கியது. 2018இல் மத்திய வங்கி, கடைகளில் ஒரே வகையான கியூ.ஆர். குறியைக் கொண்டு காசு பெறுவதற்கான தேசியத் தரத்தை வகுத்தது. எனினும் கிராமத்துக் கடைகளில் அக்குறியைக் கண்டு மக்கள் நெடுநாள் தயங்கினர்.

அத்தயக்கத்தை ஓரளவு நீக்கியது வணிகம் அன்று; நெருக்கடி. 2022இல் நாட்டிலே எரிபொருள் இல்லாது போயிற்று. அவ்வாண்டு ஜூலையில் ஒவ்வொரு வாகனத்துக்கும் கியூ.ஆர். குறி வழங்கி, கிழமைக்கு இவ்வளவு எரிபொருள் என்று அளந்து கொடுக்கும் முறை வந்தது. 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே, கைத்தொலைபேசியிற் பேசுவதையன்றி வேறொன்றும் அறியாதிருந்த முதியவரும், அக்குறியைக் காட்டிப் பெற்றோல் வாங்கப் பழகினர். அதே 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகள் கரையிலே கிடந்தன. தொலைபேசி விலையைச் சொல்லும். படகுக்கு எண்ணெய் வார்க்காது என்பதை அந்நாட்கள் காட்டின.

இன்னும் ஓர் இடர்ப்பாட்டையும் கூறுதல் வேண்டும். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் 21ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களிலே குண்டுகள் வெடித்த பின்னரும், முகநூல், வட்ஸ்அப் முதலிய தளங்களை அரசாங்கம் சில நாட்களுக்கு முடக்கியது. வாடிக்கையாளர் அனைவரையும் அத்தளங்களிலேயே வைத்திருந்த சிறு வணிகருக்கு அந்நாட்கள் கடையடைப்பு நாட்களாயின. வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தவரோ அவர்களை நேரே அழைத்து வணிகத்தைத் தொடர முடிந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க் காலத்து ஊரடங்கு வந்தபோதும் இவ்வாறே. மரக்கறியும் மீனும் வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றவர் பெரும்பாலும் முன்பே முகமறிந்த வியாபாரிகள். எந்தத் தெருவில் எந்த வீடு, எவர் கடன் தீர்ப்பார் என்ற அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கருவி அவ்வறிவுக்குக் கால் கொடுத்தது.

மருதமுனையின் நெசவாளரையும் மறத்தலாகாது. 1977க்குப் பின் வீழ்ந்த தறிகள் யாவும் மீளவில்லை. ஆயினும் எஞ்சிய தறிகளின் சாரமும் புடவையும் இன்று முகநூலிலே படம் காட்டி விற்கப்படுகின்றன. இடையில் நிற்கும் மொத்த வியாபாரியைத் தாண்டி, நெய்தவரே வாங்குபவரோடு பேசும் வாய்ப்பு இதனால் உண்டாகின்றது. ஆனால் படத்தைக் கண்டு பணம் அனுப்பியவருக்கு வந்து சேரும் புடவையின் நிறமும் நீளமும் படத்திலுள்ளவாறே இருத்தல் வேண்டும். ஒருமுறை பொய்த்தால், அவ்வாடிக்கையாளர் மீண்டும் வாரார். முன்னாளில் ஒரு ஊருக்குள் அடங்கிய பழி, இந்நாளில் ஒரு பொழுதுக்குள் கடல் கடந்தும் பரவும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்வேன். வாவியின் தெற்கே காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளார், அறிவியலைத் தமிழிற் கூறுவதற்குக் கலைச்சொற்கள் வேண்டுமென்று 1930களிலேயே சென்னையில் உழைத்தவர். தமிழ் எழுத்து 1991 முதல் யுனிகோட் என்னும் உலகப் பொதுத் தரத்திலே இடம்பெற்றுள்ளது. தமிழிற் செய்தி எழுதவும் படிக்கவும் கருவியிலே தடையில்லை. எனினும் கடன் உடன்படிக்கையின் நிபந்தனைகளும் பணம் அனுப்பும் செயலியின் எச்சரிக்கைகளும் விளங்காத மொழியிலே இருக்கும்போது, மக்கள் படியாமலே சம்மதம் என்ற பொத்தானை அழுத்துகின்றனர். இரகசிய இலக்கத்தைப் பிறர் கேட்கச் சொல்லிவிட்டுச் சேமிப்பை இழந்தோரும் உளர். தமிழ் வாடிக்கையாளரை நாடும் நிறுவனங்கள், விளம்பரத்தை மட்டும் தமிழில் எழுதினாற் போதாது. நிபந்தனையையும் தமிழில் எழுதுதல் கடமையாகும்.

கல்லடியிலே பழைய பாலத்தின் அருகே 2013இற் புதுப்பாலம் திறக்கப்பட்டது. மண்முனையில் மக்கள் நெடுங்காலம் நம்பியிருந்த படகுப்பாதைக்குப் பதிலாக 2014இற் பாலம் வந்தது. கொக்கட்டிச்சோலையிலிருந்து எழுவான்கரைக்கு வரும் நெல்லும் தயிரும் இப்போது படகுக்குக் காத்திருப்பதில்லை. செய்திக்கு ஒரு பாதை, பொருளுக்கு ஒரு பாதை என இரண்டும் அமைந்தாலன்றி வணிகம் செழியாது. கைத்தொலைபேசியில் விலை பேசி முடித்தபின், சரக்கு சேற்றிலே புதைந்து நிற்குமாயின் என்ன பயன்?

நேயர்களே! இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வேன். தோணி, புகையிரதம், கண்ணாடிக் கூண்டுத் தொலைபேசி, கைத்தொலைபேசி எனக் கருவிகள் மாறின. கருவியே தம் தொழில் என்று கொண்டவர் கருவியோடு மறைந்தனர். அக்கருவியால் மக்களுக்கு ஆற்றிய பணியே தம் தொழில் என்று கொண்டவர், அடுத்த கருவியிலும் அப்பணியைத் தொடர்ந்தனர். அளவிலும் சொல்லிலும் நேர்மை காத்தவருக்கு வாடிக்கையாளர் துணைநின்றனர். எனினும் மாற வேண்டும் என்று அறிந்தும் மாற முடியாதவர் எக்காலத்தும் இருந்தனர். அவர்களைத் தடுத்தது அறியாமை அன்று, கடன். வாவியோரத்து வணிகத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோர், எத்தனை பேரிடம் கைத்தொலைபேசி உண்டு என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், அவர்களுள் எத்தனை பேர் தம் பொருளைத் தாம் விரும்பிய இடத்தில் விற்க வல்லவர் என்றும் எண்ணிப் பார்ப்பாராக.